நீல முதுகு நாற்காலி

என் ஜெராக்ஸ் கடையில் வாடிக்கையாளர் உட்காருவதற்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. சாய்மானத்தின் பின்புறம் உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பெயிண்ட் பூசியிருக்கும். உற்றுப் பார்த்தால் இரண்டு பூச்சு தெரியும். அடியில் இருப்பது ஒழுங்கான கை. ஓரம்கூட நேராக இருக்கிறது. மேலே இருப்பது பிரஷ் பிடித்துப் பழக்கமில்லாத கை; பெயிண்ட் வழிந்து பின்னங்கால் வரைக்கும் கோடு இறங்கியிருக்கிறது. "என்னக்கா, பெயிண்ட் டின்ன தட்டி விட்டுட்டியளா?" என்று கேட்காத ஆள் குறைவு. ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஆதார் நகல் எடுக்க வந்தவர்களுக்கு எப்போதும் அவசரம், இதுவோ நீளமான கதை. முதல் பூச்சைப் பூசியவர் எங்கள் பேரூராட்சியில் செயல் அலுவலராக இருந்த அம்மா. ஊரில் எல்லோருக்கும் அவர் ஈ.ஓ. அம்மா. இரண்டாவது பூச்சு யாருடையது என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், விக்கிரமசிங்கபுரத்துக்கும் சேரன்மாதேவிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நானும் தினமும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஊரின் நடுவில் பழைய பேருந்து நிலையம். நீளமான கான்கிரீட் கூரை, வரிசையாகத் தூண்கள், சிமெண்ட் பெஞ்சுகள், ஓரத்தில் டைம் கீப்பர் அறை, அதை ஒட்டிச் சில கடைகள். அதில் ஒன்று என்னுடையது. புறவழிச்சாலையில் புதிய பேருந்து நிலையம் திறந்த அன்றைக்குக் காலையிலிருந்தே இங்கே பஸ் வருவது நின்றுபோனது. அடுத்து பரோட்டாக் கடை போனது, பழக்கடை போனது, மருந்துக் கடை சொல்லாமல் கொள்ளாமல் ஷட்டரை இறக்கியது. புதிய நிலையத்தில் கடை பிடிக்க எனக்கு வசதி இல்லை. ஆகவே கிடந்தேன். ஆள் வராத மதியங்களில் மெஷினுக்கே தூக்கம் வந்துவிடும், சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டுதான் எழுந்திருக்கும். கூரையை இடித்துச் சிமெண்ட் குடோனுக்குக் குத்தகை விட்டுவிடலாம் என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. குடோன் வந்தால் என் கடையும் அதோடு போகும்.

ஈ.ஓ. அம்மா மாற்றலாகி வந்தது அந்த நேரத்தில். கூடங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர் அவருக்கு. கடல் தொழில் செய்கிற குடும்பம். குட்டையான உருவம், வேகமான நடை, சமையலறையைக் குசினி என்பார். வந்த வாரமே என் கடைக்கு வந்து, வெளியே கிடந்த கூரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். மக்கள் புழங்குகிற இடம் என்று காட்ட முடிந்தால் இடிக்க வேண்டாம் என்று மேலே எழுதலாம், சும்மா கிடந்தால் குடோன்தான் என்றார். பிறகு வேலை நடந்தது. தூண்களுக்கு நீல வண்ணம் அடித்தார்கள். மின்விசிறி மாட்டினார்கள். குடிதண்ணீர், செய்தித்தாள், கேரம் போர்டு, சாயங்காலம் பிள்ளைகள் படிக்க விளக்கு எல்லாம் வந்தன. 'அனைவருக்கும் பொது' என்று ஒரு பலகை. திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். மறுநாள் ஒருவரும் இல்லை. அதற்கடுத்த நாள் ஒரு ஆடு வந்து படுத்திருந்தது.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் சொந்தமாக ஒரு மண்டபம் உண்டு. கல்யாணம், சடங்கு, கருமாதி, சீட்டு, அரட்டை எல்லாம் அதில்தான். மண்டபத்துப் பாத்திரத்தில், ஜமுக்காளத்தில், நாற்காலியின் முதுகில் அந்தந்தத் தெருச் சங்கத்தின் எழுத்தைப் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். கரண்டியைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். எழுத்து இல்லாத நாற்காலியில் உட்கார எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். யாரோ வந்து எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் அது, அதை வெளியே சொல்ல மாட்டார்கள். பொது என்றால் முதலில் போய் உட்காருகிறவன் யார் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதை ஈ.ஓ. அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்க ஊர்ல சாயங்காலம் மணல்லதான் எல்லாரும் உக்காருவாவ. மணல்ல யாரு பேரெழுதி வச்சிருக்கா?" என்றார். படகுக்கெல்லாம் கொட்டை எழுத்தில் பெயர் எழுதுகிறீர்களே என்று நான் மடக்கினேன். "அது கடலுக்குப் போறதுக்கு. கரையில உக்காரதுக்கு யாரும் எழுதல" என்றார் அவர்.

அவர் ஒரு யோசனை செய்தார். கூட்டிப் பெருக்க, விளக்குப் போட, பூட்டித் திறக்க ஒவ்வொரு தெருவும் வாரத்தில் ஒரு கிழமை பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும் என்று எல்லாத் தெருவுக்கும் சொல்லி அனுப்பினார். கடற்கரைக்காரிக்கு அது துடைப்பக் கணக்கு. எங்கள் ஊரோ அதை மண்டகப்படியாக எடுத்துக்கொண்டது. கோவில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு தெருவின் பொறுப்பு. அன்றைய அலங்காரம், விளக்கு, சாப்பாடு, மரியாதை எல்லாம் அவர்களுடையது. அதற்குத்தான் மண்டகப்படி என்று பேர். யாருக்கு எந்த நாள் என்பதற்காக எங்கள் ஊரில் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள். பள்ளிவாசல் தெருவும் சர்ச் தெருவும் அந்தத் திருவிழாவுக்கு வெளியே என்றாலும் இந்த ஊரில் பிறந்தவர்கள், நாள் கொடுக்கிறார்கள் என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றங்கரைத் தெருவுக்கு மட்டும் எங்கள் கோவிலில் எந்தக் காலத்திலும் ஒரு நாள் கிடையாது. ஏன் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஈ.ஓ. அம்மாவின் சேதி கிடைத்த மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் ஆட்களாக வந்து நின்றவர்கள் அவர்கள்தான். முதலில் வந்தவர்களுக்கு முதல் கிழமை என்று அவர் திங்களை எழுதிக் கொடுத்துவிட்டார். தான் செய்தது என்னவென்று அவருக்கு அப்போது தெரியாது என்றுதான் நான் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

முதல் நாள் ஆற்றங்கரைத் தெருவுக்குப் போனது என்ற சேதி பரவியதும் ஊர் எழுந்து உட்கார்ந்தது. திங்களன்று அவர்கள் தூண்தூணாகச் சீரியல் விளக்குப் போட்டு, புத்தம் புதுச் சிவப்பு நாற்காலிகள் வாங்கிப் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? செவ்வாய்க்கு மேலத்தெரு. அந்தத் தெருவின் மண்டபத்துக்குத் தலைவர் அரிசி மண்டி அண்ணாச்சி, வெள்ளை வேட்டி, வாயில் எப்போதும் ஏலக்காய். அவர்களும் சிவப்பு நாற்காலி வாங்கினார்கள், ஜங்ஷனில் அதே கடையில், அதே ரகம். புதனுக்குப் பள்ளிவாசல் தெரு பிரியாணி போட்டது. வாரம் முழுக்க வெளிச்சமும் ரேடியோவும். என் கடையில் கூட்டம் அள்ளியது. குடோன் பேச்சு அடங்கியது. எனக்கு மகிழ்ச்சியென்றால் அப்படி ஒரு மகிழ்ச்சி, மெஷினுக்குக்கூடப் பொட்டு வைத்தேன்.

ஈ.ஓ. அம்மாவுக்குத்தான் முகம் வாடிக்கொண்டே வந்தது. திங்களுக்குத் திங்கள்காரர்கள், செவ்வாய்க்குச் செவ்வாய்க்காரர்கள் என்று ஆகிவிட்டது. ஒரு தெருவின் கிழமையில் அடுத்த தெருக்காரர் எட்டிப் பார்ப்பதில்லை. அவரவர் நாற்காலி முதுகில் அவரவர் எழுத்து. மற்ற நாட்களில் டைம் கீப்பர் அறையில் தனித்தனி அடுக்காக வைத்துப் பூட்டினார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு மண்டபம் திறக்கப் போய், வாரத்துக்கு ஏழு மண்டபம் திறந்துவிட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னார். அதில் என்ன தப்பு, ஆள் வருகிறதே என்று நான் சமாதானம் சொன்னேன். கடைக்காரப் புத்தி.

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து மலையிறங்கி வந்த குடும்பங்களில் ஒன்று அப்போது எங்கள் ஊரில் வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டுப் பெண், தேயிலை பறித்துப் பழகிய விரல்கள் இன்னும் பச்சை வாடை போகாமல், ஒரு செவ்வாய்க்கிழமை ரேஷன் கார்டு மாற்ற நகல் எடுக்க வந்தாள். கரண்ட் போயிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலத்தெரு ஆள் ஒருவர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்: "நீங்க எந்தக் கிழமைம்மா? இது எங்க சேரு." அவள் எழுந்து நின்றுகொண்டு, என்னைப் பார்த்து, "எக்கா, எங்களுக்கு எந்தக் கிழமை?" என்று கேட்டாள். எஸ்டேட்டில் அவர்களுக்குத் தெருக் கணக்கு கிடையாது, வரிசை வீடுகளும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாயும்தான். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். என் கடைக்குள் பைலோடு நின்றிருந்த ஈ.ஓ. அம்மா அதைக் கேட்டார். பைலை மூடிக்கொண்டு வெளியேறிப் போனார்.

அந்த வாரக் கடைசியில் காலையில் கடை திறக்க வந்தேன். டைம் கீப்பர் அறைக் கதவு திறந்திருந்தது. எல்லாத் தெரு நாற்காலிகளும் கூரையடியில் கலந்து கிடந்தன. நடுவில் ஈ.ஓ. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூணுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டால் ஒவ்வொரு முதுகிலும் எழுத்தை மறைத்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது. மற்றவர் சாமானில் கை வைப்பது எங்கள் ஊரில் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு பிரஷ் எடுக்கட்டுமா என்று வாய் கேட்டுவிட்டது. "வேண்டாம். நீங்க இங்கனயே இருந்தாகணும். நான் எப்படியும் மாறிப் போறவ" என்றார். பணியாளர்களை ஏன் கூப்பிடவில்லை என்பதும் அதில் விளங்கிவிட்டது. "பிளாஸ்டிக்ல பெயிண்டு ரொம்ப நாள் நிக்காது மேடம்" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "ஒரு வருசம் நின்னா போதும்" என்றார்.

ஊர் கொதித்தது. மனு போனது, ஒன்றல்ல, தெருவுக்கு ஒன்று. எல்லாம் என் கடையில்தான் நகலெடுத்தார்கள். எல்லா மனுவிலும் ஒரே வாசகம், கையெழுத்து மட்டும் வேறு. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத தெருக்கள் அந்த ஒரு காகிதத்தில் ஒத்துப்போனதை நான் நகலெடுத்துக்கொண்டே கவனித்தேன். பெயிண்ட் அடித்ததை நான் கண்டேனா என்று கேட்டவர்களிடம், நான் வரும்போதே காய்ந்திருந்தது என்று சொன்னேன். மாற்றல் உத்தரவு சீக்கிரமே வந்தது. போகும்போது ஈ.ஓ. அம்மா கடைக்கு வந்து பிரஷ்ஷோடு மிச்சப் பெயிண்ட் டின்னை மேஜைக்கு அடியில் வைத்தார். அலுவலகச் சொத்து, கணக்கில் இல்லை, எறிந்துவிடாதீர்கள் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, அவர்மேல் கோபம்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருந்திருக்கலாமே என்ற கோபம். அவர் இல்லாத கூரையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போன மறுநாள் சாயங்காலம் தெருப் பெரியவர்கள் நாற்காலிகளை எடுத்துப் போக வந்தார்கள். அங்கேதான் சிக்கல். எல்லாம் ஒரே கடை, ஒரே சிவப்பு, ஒரே ரகம். நகத்தால் சுரண்டினால் நீலம் வரவில்லை. பள்ளிவாசல் தெரு பாய் தின்னர் கொண்டு வந்து ஒரு முதுகைத் துடைத்தார், நீலத்தோடு அடியில் இருந்த எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. எண்ணிப் பிரித்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். எண்ணலாம், ஆனால் கால் ஆடுகிறது யாருக்கு, நல்லது யாருக்கு? அண்ணாச்சி ஒரு நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இது எங்களுடையது, உட்கார்ந்தாலே எனக்குத் தெரியும் என்றார். "அதெப்படிவே, முதுகுக்குத் தெரியுமா சேரு?" என்று பாய் எதிரில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலித் தகராறை நின்றுகொண்டு பேச யாரால் முடியும்? ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கடைசியாக வந்தவர் ஆற்றங்கரைத் தெருச் சங்கத்துக்காரர், வயரிங் வேலை பார்க்கிறவர். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நான் கடைக்குள் கையில் காகிதத்தோடு அப்படியே நின்றேன். இந்த ஊரில் அண்ணாச்சிக்குச் சரிசமமாக அந்தத் தெரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்திருக்க மாட்டார். வயரிங்காரர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அண்ணாச்சிக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வாயிலிருந்த ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: "அது எங்க செட்டு மாதிரில்லா தெரியுது." வயரிங்காரர் நிதானமாக, "அப்படியா அண்ணாச்சி? அப்போ நீங்க உக்காந்திருக்கது எங்களதா இருக்கும். பைய பாப்போம்" என்றார். முதலில் சிரித்தவர் பாய். பிறகு எல்லோரும். அண்ணாச்சி சிரிக்கவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. எழுந்தால் நாற்காலியை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமே.

அன்றைக்குத் தீரவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று போனார்கள். நாளைக்கும் தீரவில்லை. தன் தெரு ஆள் ஒரு நாள் வராவிட்டால் மற்றவர்கள் நல்லதைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று எல்லாத் தெருவும் எல்லாக் கிழமையும் வர ஆரம்பித்தன. பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்களுக்காக ஒருவர் சைக்கிளில் டீ கொண்டு வந்தார், பத்து நாளில் தூணோரமாகப் பாய்லர் வைத்துவிட்டார். வேடிக்கை பார்க்கப் பெண்கள் வந்தார்கள், அவர்களோடு பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளுக்காக பஜ்ஜிக் கடை வந்தது. பரோட்டாக் கடை ஷட்டரைத் தூக்கியது. ஐப்பசி மழையில் பேச்சு நாற்காலியை விட்டு ஆற்று வெள்ளத்துக்குத் தாவியது, தேர்தலுக்குப் போனது, மகள் கல்யாணத்துக்குப் போனது. நடுவில் யாராவது நினைவு வந்து, "சரி, சேரு விசயம் என்னாச்சு?" என்று கேட்பார்கள். மறுபடி கொஞ்சம் சத்தம் போடுவார்கள். தகராறில் இருக்கிற பொருளை இடம் மாற்ற முடியாது என்று புதிதாக வந்த செயல் அலுவலர் மேலே எழுதினார். குடோன் திட்டம் அத்தோடு படுத்துவிட்டது. பார்க்கப்போனால் இன்று வரைக்கும் அந்தத் தகராறு தீரவில்லை. மாஞ்சோலைப் பெண் பக்கத்து ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் வேலை முடித்து வரும்வரை பிள்ளை ஏதோ ஒரு நாற்காலியில் தூங்கும். கிழமை கேட்கிற ஆள் இல்லை.

அண்ணாச்சி அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியை என் கடைக்குள் கொண்டு வந்து போட்டுக்கொண்டார். தன் நாற்காலி கண் பார்வையில் இருக்க வேண்டுமாம். தினமும் சாயங்காலம் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, அப்புறம் வெளியே பேச்சில் போய்ச் சேர்ந்துகொள்வார். வயரிங்காரர் சில நாள் வந்து அவர் படித்து முடித்த பக்கங்களை வாங்கிப் படிப்பார். மின்கட்டணத்தைப் பற்றி அண்ணாச்சி ஏதாவது கேட்டால் விளக்குவார். இருவருக்கும் பெரிய நட்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. கோவிலில் ஆற்றங்கரைத் தெருவுக்கு இன்னும் நாள் கிடையாது.

இந்தப் பங்குனி வெயிலில் நாற்காலிகளின் நீலம் உரியத் தொடங்கியது. நான் சொன்ன மாதிரியே பிளாஸ்டிக்கில் நிற்கவில்லை. கடை நாற்காலியிலும் பொருக்கு உதிர்ந்து அடியில் எழுத்து எட்டிப் பார்த்தது. ஆற்றங்கரைத் தெருச் சங்கத்தின் எழுத்து. இத்தனை நாள் அண்ணாச்சி தன்னுடையது என்று சண்டை போட்டு உட்கார்ந்திருந்தது அவர்கள் காசு போட்டு வாங்கியது. மற்றவற்றிலும் எழுத்து தெரிந்துவிட்டால் பழையபடி பிரித்து அடுக்கிவிடுவார்கள். முதுகு சுவரைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஒரு சாயங்காலம் காற்று வேண்டும் என்று அண்ணாச்சி தானே அதை மின்விசிறிக்குக் கீழே இழுத்தார், முதுகைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தார். விரலால் எழுத்தைத் தடவினார். வெளியே வயரிங்காரரும் பாயும் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெஷினைப் பார்ப்பது போல நின்றேன்.

"ஏ பிள்ளே, அந்த அம்மா வச்சிட்டுப் போன பெயிண்டு கெடக்கா?" என்று கேட்டார் அண்ணாச்சி. டின் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது, குச்சியால் கிண்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எழுத்தின் மேல் பூசினார். ஒழுகியது, கால் வரை வழிந்தது, வேட்டியிலும் பட்டது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு வெளியே போய், உரிந்திருந்த மற்ற முதுகுகளையும் ஒவ்வொன்றாகப் பூச ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வயரிங்காரர் எழுந்து வந்து டின்னைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்குள் வந்து பிரஷ்ஷை என்னிடம் நீட்டியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிளாஸ்டிக்ல நிக்காது, பாத்துக்கோ. அடுத்த வருசமும் அடிக்கணும். டின்ன நல்லா மூடி வையி" என்றார். மூடி வைத்திருக்கிறேன்.